பதினோராம் பொருத்தம்

2024ஆம் ஆண்டு மே மாதம் பன்னிரண்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், கண்டி நகரத்துப் பெண்ணொருத்தியின் கலியாணம் ஒரு பஞ்சுத் துண்டினால் நிறுத்தப்பட்டது. முறைப்பாடு இவ்வளவுதான்.

பெண்ணின் பெயர் கஜாலினி; உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிப்பவள். மாப்பிள்ளை கிருஷாந், பல்லேகலத் தொழிற்சாலை ஒன்றில் பொறியியலாளன். இருவரும் ஒருவரையொருவர் விரும்பினர். சாதகத்தின் பத்துப் பொருத்தங்களும் அவர்களை விரும்பின. ஆவணிக்கு மண்டபமும் பேசியாயிற்று. இடையில் புகுந்தது பதினோராம் பொருத்தம்: மரபணுப் பொருத்தம்.

அதனைக் கண்டுபிடித்த மகான் 'ஜீன்ஜோதி' வீரய்யா, கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அருகே, சப்பாத்துக் கடையொன்றின் மேல்மாடியில் வீற்றிருந்தார். உடம்பில் வைத்தியரின் வெள்ளை அங்கி, நெற்றியில் சந்தனம். விஞ்ஞானம் கைவிட்டால் தெய்வம், தெய்வம் கைவிட்டால் விஞ்ஞானம். டெங்குக்கு அஞ்சிய காலமாகையால், பிறக்கப்போகும் பிள்ளை நோயைத் தாங்குமா என்று அறிய வந்த பெற்றோர் கூட்டம் படிக்கட்டை நிறைத்துத் தெருவரை வழிந்தது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சினால் துடைத்து, உறையில் இட்டு ஒட்டி, மேலே பெயரும் நட்சத்திரமும் எழுதிக் கொடுத்தல் வேண்டும். பட்டுத்துணி போர்த்திய இயந்திரமொன்று உறுமும். சம்பல் அரைக்கும் மிக்ஸியும் அவ்வாறே உறுமும். ஆயினும் கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கஜாலினியின் தந்தை தம்பிராஜா, அரச சேவையில் ஓய்வுபெற்றவர். கையொப்பம் இல்லாத கடிதத்தைக் கண்ணெடுத்தும் பாராதவர். பஞ்சை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். மகளின் உறையோடு, கிருஷாந் தன் வீட்டாருக்குச் சொல்லாமல் கொடுத்த உறையையும் கொண்டுபோய் நீட்டினார்.

"ரெண்டு பேரோட எதிர்ப்பு அணுவும் ஒன்னுக்கொன்னு எதிரிங்க ஐயா," என்றார் வீரய்யா. "பொறக்கிற புள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தா தாங்காது. பரிகாரமும் கெடையாது. ஆனா உங்க பொண்ணுக்கு ஏத்த அணு உள்ள மாப்பிள்ளைங்க நம்மகிட்ட இருக்காங்க."

அணுவைப் பார்த்தவர் தரகும் பார்த்தார். அறிவியல் எத்துணை துறைகளாகக் கிளைக்கிறது, பாருங்கள்!

வீடு திரும்பியதும் தம்பிராஜா கதிரையில் சாய்ந்தார்.

"நாளைக்கு அவையளுக்கு வேண்டாமெண்டு சொல்லப்போறன், பிள்ளை. பேரப்பிள்ளையைப் பலிகுடுக்க ஏலாது."

"பிறக்காத பேரனுக்காகப் பெத்த மகளைப் பலிகுடுக்கலாமோ, அப்பா?"

அவள் அருகே அமர்ந்தாள்.

"கிருமியை உடம்புக்குக் காட்டிக்குடுக்கிற மரபணு ஆளுக்காள் வித்தியாசம். அது மெய்தான். ஒரே வருத்தம் வந்து ஒருத்தர் எழும்பித் திரிய, மற்றவர் ஆஸ்பத்திரியிலை கிடக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் தாயும் தகப்பனும் வித்தியாசமா இருந்தால், பிள்ளைக்கு ரெண்டு விதமான காவலும் கிடைக்கும். அது சண்டை இல்லை, அப்பா, சீதனம்."

"அப்ப அந்தாள் பொய்யோ?"

"ஒரு கிழமை பொறுங்கோ. சோதிச்சுப் பாப்பம். அவர் சொல்லுறது சரியெண்டால் நானே இந்தக் கலியாணம் வேண்டாமெண்டு சொல்லுறன். இப்ப வாயைத் திறவுங்கோ."

தந்தையின் இடக்கன்னத்தைத் துடைத்த பஞ்சு ஓர் உறைக்குள் போயிற்று: 'றமணன், மகம்.' வலக்கன்னத்துப் பஞ்சு மற்றோர் உறைக்குள்: 'பிரியாந்தினி, மிருகசீரிடம்.'

"ரெண்டும் நான்தானே?" என்றார் தம்பிராஜா.

"ஓம். உங்களுக்கும் உங்களுக்கும் பொருத்தம் எப்பிடியெண்டு கேப்பம்."

அடுத்த ஞாயிறு மேல்மாடியில் நிற்க இடமில்லை. 'உறவுக்காரப் பிள்ளையள்' என்று, மகளோடு வந்த தம்பிராஜா நீட்டிய உறைகளை வீரய்யா வாங்கினார். இயந்திரம் உறுமி ஓய்ந்தது. கண்களை மூடித் திறந்து, சபையறிய முழங்கினார்.

"ஆணோட அணு சிங்கம்! பொண்ணோட அணு மான்! ஒரே கூண்டுல அடைச்சா என்னங்க ஆகும்? வேணவே வேணாம்! ஆனா பொண்ணுக்குக் கர்ப்பப்பலன் பிரமாதம். ரெட்டைப் புள்ளைக்கே யோகம் இருக்கு!"

எழுபதை எட்டிய தம்பிராஜாவின் காது சிவந்தது. அவர் எழுந்தார்.

"அந்த ரெண்டு பஞ்சும் என்ரை வாயிலை எடுத்தது. இடக்கன்னம் சிங்கம், வலக்கன்னம் மான். நான் இனி எந்தக் கன்னத்தை விவாகரத்துச் செய்யிறது?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது:

"அதை விடுங்க ஐயா, ரெட்டைப் புள்ளைக்கு எந்த ஆஸ்பத்திரி?"

மாடி அதிர்ந்தது. வீரய்யா மேசையில் ஓங்கி அடித்தார்.

"பொய்ப் பேரு எழுதியிருக்கீங்க! அணு கோவிச்சுக்கிச்சு!"

"அணுவுக்கு வாசிக்கத் தெரியுமோ, ஐயா?" என்றாள் கஜாலினி. "அது எந்தப் பாடசாலையிலை படிச்சது?"

மேசையிலிருந்த இரண்டு உறைகளையும் எடுத்து உயர்த்திக் காட்டினாள். ஒட்டிய பசைகூடப் பிரியவில்லை. பஞ்சைக் காணாமலே தீர்ப்பளித்திருந்தார் பெருமான். படித்ததெல்லாம் மேலிருந்த நட்சத்திரம்: மகத்துக்குச் சிங்கம், மிருகசீரிடத்துக்கு மான். யாரோ பட்டுத்துணியை இழுக்க, உள்ளே மிக்ஸி. மூடியில் தேங்காய்ப்பூ காய்ந்திருந்தது. அதன் பின்னர் வெள்ளை அங்கியின் நிறம் எவ்வளவு நேரம் வெள்ளையாக இருந்தது என்பதை எழுதுதல் நாகரிகமன்று.

அந்த அமளிக்குள்ளும் ஓர் அம்மையார் கஜாலினியின் கையைப் பற்றினார்: "அந்த வீரய்யா கெடக்கிறான், மகள். என் மகனுக்கு எந்த அணுப் பொண்ணு சரிவரும்? நீங்களே பாத்துச் சொல்லுங்க."

கஜாலினி கையை விடுவித்துக்கொண்டு நழுவினாள். படியிறங்கும்போது தந்தையின் குரல் கேட்டது. கிருஷாந்தின் வீட்டாரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஓம், ஆவணியிலைதான். அதிலை மாற்றம் இல்லை. ஏன் ஒரு கிழமையாப் பேசேல்லையோ? அதை மட்டும் கேளாதேங்கோ. சொல்ல வெக்கமாக் கிடக்கு."

வாசகரே, தம்பிராஜாவுக்காவது வெட்கம் வந்தது. நீரும் ஒரு பிள்ளையின் வாழ்வை இத்தகைய கூற்றொன்றின்பொருட்டு நிறுத்தி வைத்திருப்பீராயின், இன்றே அப்பிள்ளையை எதிரே இருத்தி, காரணத்தை உரத்துச் சொல்லும். சிரிக்காமல் சொல்லி முடித்தீரானால், அதன்பின் நிறுத்தும்.