பெயரை டப்பாவில் போடச் சொன்னவன்

தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை எத்தனையோ கிறுக்கர்களைப் பார்த்துவிட்டேன். வாளிக்கு இனிஷியல் வைத்தவன், டப்பா என்று நாங்கள் கூப்பிட்ட ஒருத்தன்தான்.

பிரவுசிங் சென்டர்கள் கொழித்த காலம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடை மாடியில் எங்கள் வெப்சைட் கம்பெனி. அங்கிருந்த இரண்டு வாளிகளிலும் அவன் பெயின்ட்டால் எழுதி வைத்திருந்தான்: ‘பாத்ரூம்.வாளி’, ‘மாடி.வாளி’. வெறுமனே வாளி எங்கே என்று கேட்டால் பதில் வராது. அவசரத்தில் போகிறவன் கதியை நினைத்துப் பாருங்கள்.

வேலையிலும் இதே கூத்து. சர்வரில் ஓடும் ஸ்கிரிப்ட் என்ற புரோகிராம், ஆட்களின் விவரங்களை எடுத்துக் கொடுக்கும். டெம்ப்ளேட் என்ற அச்சு அவற்றை வெப்சைட் பக்கத்தில் காட்டும். எதையும் உதிரியாகக் கொடுக்கக் கூடாது, பெயர் எழுதிய டப்பாவில் போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது அவன் சட்டம். வெறும் ‘பெயர்’ ஆகாது, ‘பயனர்.பெயர்’, ‘மணப்பெண்.பெயர்’. இதனாலேயே ஒருநாள் வேலையை மூன்று நாள் இழுப்பான். முதலாளிக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

நான் சேர்ந்து இரண்டு மாதம். பல்லாவரத்து பாய் ஒருவருக்கு வரன் தேடும் கல்யாண வெப்சைட். இதில் சொதப்பினால் வீட்டுக்குப் போ என்று முதலாளி சொல்லிவிட்டார். போனால் திருமுடிவாக்கத்தில் அப்பாவின் லேத் பட்டறைதான். அந்தப் பயத்தில், சீக்கிரம் முடிக்க, எல்லாவற்றையும் உதிரியாகவே அனுப்பினேன். லாகின் செய்யாமல் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. லாகின் செய்து நான் பார்க்கவில்லை. செய்தால் உள்ளே வந்தவர் பெயரும் ‘பெயர்’, மணப்பெண் பெயரும் ‘பெயர்’. ஒன்று மற்றதை விழுங்கிவிட்டது.

பாய் வந்தார், தன் பெயரில் லாகின் செய்தார். முதல் பெண்: வயது இருபத்திரண்டு, எம்.காம்., குடும்பப் பாங்கானவள், பெயர் அப்துல் ஜமால். அடுத்தவள் பி.எட்., நன்றாகச் சமைப்பாள், அவளும் அப்துல் ஜமால்.

“இன்னா தம்பி, எல்லாப் பொண்ணும் நானாவே கீறேன்?” என்றார் பாய், தாடியைத் தடவியபடி.

யார் செய்தது என்று முதலாளி திரும்பினார். நான் மானிட்டரைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“நான்தான் சார்” என்றான் டப்பா.

ஜென்மத்தில் எதையும் உதிரியாக அனுப்பாதவன் அவன். முதலாளிக்கும் அது தெரியும். ஆனாலும் இப்படி ஒரு சாக்குக்காகத்தான் அவர் காத்திருந்தார். அன்று மாலையே அனுப்பிவிட்டார்.

மாடிப்படிக்குக் கீழே ஓடிப்போய் ஏண்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

“எனக்கு பெங்களூர்ல ஏதாவது கெடைக்கும் மச்சான். நீ பட்டறைக்குப் போனா மெஷின்ல கைய விட்டுப்ப.”

ஒரு மாடி ஏறி உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏறினேன், என் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பெங்களூர் போனதும் அவன் நம்பர் மாறிவிட்டது. இன்டர்நெட்டில் தேடினால் அவன் பெயரில் ஆயிரம் பேர் வருகிறார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போகிறேன். எங்கடா இருக்கே? ஒரே ஒரு தடவை வந்து என்னைத் திட்டிவிட்டுப் போயேன்.