இரண்டு குரங்குக் குல்லாய்

"தாதா! ஓ தாதா!"

கல்கத்தா எஸ்பிளனேடு முனையில் ஒரு வெற்றிலைக் கடைக்காரர் எம்பி எம்பிக் கையாட்டினார். கூரையில்லாத பஸ்ஸின் மேல்தட்டில் உட்கார்ந்திருந்த வீரராகவன் சட்டென்று குனிந்து, செருப்பில் இல்லாத வாரை மாட்டத் தொடங்கினார்.

"யாரய்யா அவன்?" என்றார் வைத்தியநாதன். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருப்பவர். மாற்றல் ஃபைல்கள் எல்லாம் அவருடைய பேனாவுக்காகத்தான் காத்திருந்தன. ஓரத்து சீட் வேண்டாம் என்று உள்பக்கமாக உட்கார்ந்து, சால்வையை மூக்குவரை இழுத்து விட்டிருந்தார்.

"தெரியலை சார். இந்த ஊர்ல எல்லாரும் எல்லாரையும் அண்ணாங்கற மாதிரி தாதாம்பா. எனக்கு இங்க ஒருத்தரையும் தெரியாது."

மாற்றல் விண்ணப்பத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தார். பதினோரு வருஷமாகக் கல்கத்தாவில் இருந்தும் பெங்காலி ஒரு வார்த்தை வரவில்லை. மீன் நாற்றத்தில் குமட்டுகிறது. மனைவிக்கு மூச்சு முட்டுகிறது.

மனைவி ஷியாமளாவுக்கு உண்மையில் முட்டிக்கொண்டு வந்தது கோபம்தான். நங்கநல்லூரில் ஆசையாகக் கட்டிய வீட்டில் வாடகைக்காரர்தான் பால் காய்ச்சினார். "இந்தத் தடவை மாற்றல் வரலைன்னா நானும் உங்க பொண்ணு மதுவந்தியும் கிளம்பிடுவோம். நீங்க உங்க டாக்குரியா துர்கா பூஜா கமிட்டியோட குடித்தனம் பண்ணுங்கோ!"

வீரராகவன் அந்தப் பேட்டைக் கமிட்டியின் உபதலைவர்.

ஆகவே, "ஞாயித்துக்கிழமை ஊரைச் சுத்திக் காட்டுமய்யா" என்று மேலதிகாரி சொன்னதும் அவர் இந்த பஸ்ஸைப் பிடித்தார். பழைய டபுள் டெக்கரின் கூரையை வெட்டி எடுத்துவிட்டு, எடுத்ததற்கும் சேர்த்துக் கட்டணம் வாங்கும் பஸ். ஊரைப் பற்றி கைடு பேசுவான், தனக்கு ஒன்றும் தெரியாது என்பது தானாகவே ருசுவாகிவிடும் என்று கணக்குப் போட்டார். கூரை இல்லாவிட்டால் ஊரும் தன்னைப் பார்க்கும் என்பது கணக்கில் விட்டுப்போயிற்று.

பவானிபூரில் ஓர் இஸ்திரிக்காரர் "தாதா!" என்று கத்தியபடி பஸ்ஸோடு கொஞ்ச தூரம் ஓடியே வந்தார். வீரராகவன் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"என்னய்யா, அழறீரா?"

"குளிர் சார். இந்த ஊர்க் குளிரே எனக்கு ஒத்துக்கலை."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடி, கண்ணும் மூக்கும் மட்டும் தெரிகிற குரங்குக் குல்லாய் ஒன்று வாங்கப் போனார்.

"எனக்கும் ஒண்ணு" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "காது அடைக்கறது."

கல்கத்தாவில் குரங்குக் குல்லாய் மாட்டியவரை யாரும் வெளியூர்க்காரர் என்று சந்தேகப்படுவதில்லை. பின் சீட்டுப் பெரியவர் உடனே வீரராகவனின் தோளைத் தட்டி, பெங்காலியில் வழக்கை ஒப்படைத்தார்.

"தாதா, நீங்களே சொல்லுங்கள். கடுகு அரைத்து விட்ட இலிஷ் மீனில் வெங்காயம் போடலாம் என்கிறான் இந்த கைடு!"

வீரராகவன் பல்லைக் கடித்தார். ஷியாமளாவை நினைத்தார். நங்கநல்லூர் வீட்டின் மாமரத்தை நினைத்தார்.

"எங்கள் வீட்டில் போடுவோம். பூண்டுகூடப் போடுவோம்" என்றான் கைடு.

பூண்டு என்றதும் வீரராகவன் எழுந்து நின்றுவிட்டார். சுத்தமான பெங்காலி பிரவாகமாக வந்தது. "இலிஷில் பூண்டா? கடுகு, பச்சைமிளகாய், பச்சைக் கடுகெண்ணெய். அவ்வளவுதான்! வெங்காயம் போடுகிறவன் கட்லா மீனோடு நிறுத்திக்கொள்ளட்டும்!"

மேல்தட்டே கைதட்டியது. கைடும் தட்டினான்.

பஸ் கரியாஹாட் நாற்சந்தி நெரிசலில் சிக்கி நின்றது.

"வீரராகவன்."

"சார்..."

"மீன் நாத்தமே ஆகாதவருக்கு அதுல வெங்காயம் போட்டா என்ன, போடாட்டா என்ன?"

அதற்கு மேல் அவரால் மறைக்க முடியவில்லை. "சாப்பிடுவேன் சார். ஆத்துல இல்லை, கமிட்டி ரூம்ல. ஷியாமளாவுக்குத் தெரியாது. அவ மூச்சுக்கும் ஒரு கேடும் இல்லை சார். என்னைத் திட்டறப்போ நடுவுல மூச்சே விடமாட்டா."

வைத்தியநாதன் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்தார். கண்டிக்கும்போது முகம் முழுசாகத் தெரியவேண்டும் என்பது தலைமை அலுவலக மரபு.

"பெண்டாட்டி மூச்சைக் காட்டி மாற்றல் கேக்கற மனுஷனை என் சர்வீஸ்லயே பார்த்ததில்லை. உம்ம ஃபைலை நாளைக்கே மூடறேன். நான் இந்த ஊர்ல கால் வெச்சதே முந்தாநேத்துதான். எனக்கே தெரியறது, நீர் இங்கேயேதான் இருக்கணும்!"

கீழே நடைபாதையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"தாதா!"

பழக்கதோஷத்தில் குனிந்த வீரராகவன், இனி யாருக்கு ஒளிய என்று எழுந்து கையாட்டினார். மீன்காரர் எரிச்சலோடு, விலகு விலகு என்று கத்தியால் சைகை காட்டினார்.

"நீங்கள் இல்லை, கொஞ்சம் நகருங்கள். வைத்தி தாதா! கட்லாத் தலையை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக மாற்றலாகிப் போனீர்களே, அண்ணிக்கு அந்த மூச்சுமுட்டல் இப்போது தேவலையா?"