நாற்பத்தோரு ஊரில் செத்தவன் எழுதுவது

வடக்கேரிப்பட்டி,
திருச்சுழி வழி,
சித்திரை 4, 1974.

அருப்புக்கோட்டை மழைமேகம் நகைச்சுவை நாடக சபாவின் நிறுவனரும், கதாசிரியரும், கதாநாயகனும், என் மனைவியின் ஒரே தம்பியுமான திருவளர் சின்னத்துரை அவர்களின் சமூகத்துக்கு, வடக்கேரிப்பட்டி கோட்டைச்சாமி எழுதிக்கொண்டது.

இங்கு நான் உயிரோடு இருக்கிறேன். கடிதத்தில் இதைத் தனியாக எழுதும் வழக்கம் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் உன் புண்ணியத்தில் இதுவரை நாற்பத்தோரு ஊரில் என்னைப் பாடையில் கட்டித் தூக்கிவிட்டபடியால், பெறுகிறவருக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று எழுதுகிறேன். உன் அக்கா பஞ்சம்மாள் சௌக்கியம். மாடு இரண்டும் சௌக்கியம். மழைதான் இல்லை.

மாப்பிள்ளை, மதுரைப் பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு, சபா வளர்ந்த வரலாறு என்று அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். சின்ன வயதிலிருந்தே உனக்குக் கலைத்தாகம் இருந்ததாம். அறுபத்தெட்டாம் வருஷம் நம் ஊரில் இருந்தது தண்ணீர்த்தாகம் மட்டும்தான். கண்மாய் வெடித்துக் கிடந்தது. மழை பொய்த்தால் வைக்கோலில் ஒரு பாவியைச் செய்து, பாடையில் கட்டித் தெருத்தெருவாக இழுத்து, ஒப்பாரி வைத்து எரிக்கும் கொடும்பாவி வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. ஊர் கூடி அதைச் செய்வதென்று பேசியபோது, "வைக்கோலை இழுத்தால் மழை வராது, அதை மாட்டுக்காவது போடுங்கள்" என்று நான் ஒரு வார்த்தை சொன்னேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான். அன்றைக்குப் பார்த்து அக்கா வீட்டுக்கு விருந்தாட வந்திருந்த நீ, பொம்மைக்குப் போட ஒரு பழைய சட்டை கேட்டாய். கொடியில் காய்ந்த என் சட்டையை அவள் எடுத்துக் கொடுத்தாள். அது பழைய சட்டை அல்ல, இன்னும் இரண்டு வருஷம் உழைத்திருக்கும். என் துண்டு, நான் துண்டு போடும் கோணல், என் உடைந்த மூக்குக்கண்ணாடி எல்லாம் பொம்மைக்கு ஏறிவிட்டது. லோடு வண்டி ஓட்டுகிற மொக்கையன் சேலையைச் சுற்றிக்கொண்டு, எனக்குத் தாலியறுத்தவளாகத் தலைவிரி கோலமாக வந்து மாரடித்தான்:

"புளியம்பழத்த எண்ணி வச்சு
பொழுதெல்லாம் காத்தவரே,
எண்ணின பழம் இங்கிருக்க
எங்க போனீரோ என் ராசா!"

ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் என் வீட்டு வாசலில் நின்று என் சாவைப் பார்த்தேன். அன்று சாயங்காலம் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் பனம்பழம் என் தலையில் விழுந்தது.

அடுத்த வாரமே பாலவனத்தத்துக்காரர்கள் வெற்றிலை பாக்கோடு வந்து, "ஒங்க பாவிய எங்க ஊருலயும் வந்து எரிங்கப்பா" என்று கூப்பிட்டார்கள். மாட்டுவண்டியில் போனீர்கள். அங்கேயும் இரண்டு தூற்றல் போட்டுத் தொலைத்தது. அப்புறம் யார் பிடிப்பது? மழை வேண்டிக் கூப்பிட்டார்கள், மழை பெய்த சந்தோஷத்தில் கூப்பிட்டார்கள், பொங்கலுக்கும் முளைப்பாரிக்கும் கூப்பிட்டார்கள், ஒரு கல்யாண வீட்டில்கூட என்னைத் தூக்கினீர்களாமே! மாட்டுவண்டி போய் வேன் வந்தது. மைக்செட்டு வந்தது. ரோஜாப்பூ வரைந்த திரை வந்தது. கடைசியில் வைக்கோல் போய் நீயே பாடையில் ஏறினாய், என் சட்டையைப் போட்டுக்கொண்டு. செத்துக் கிடந்தவன் தலைமாட்டு விளக்கைப் பார்த்துவிட்டுப் படக்கென்று எழுந்து உட்கார்ந்து, "ஏலே, எந்தப் பயலே ரெண்டு திரி போட்டது? பொணத்துக்கு ஒரு திரி போதும்!" என்கிறாயாம். கேட்டு இந்தச் சீமையே உருள்கிறதாம்.

அதை நான் சொன்னது உண்மைதான். என் ஐயா செத்த அன்று சொன்னேன். அந்த வருஷம் எள் விளையவில்லை, வீட்டில் சொட்டு எண்ணெய் இல்லை, விடியும்வரை விளக்கு எரிய வேண்டுமே என்று சொன்னேன். சொல்லிவிட்டு மாட்டுத்தொழுவத்துக்குள் போய் அழுதேன். எனக்கு அழுகை கிணற்றுக் கமலை உருளை கிறீச்சிடுகிற மாதிரிதான் வரும். அது நான் கேட்டு வாங்கி வந்த குரலா? அதையும் விட்டுவைக்காமல், சங்கு ஊதுவதற்குப் பதிலாக அந்தக் கிறீச்சைத்தான் ஊதுகிறாய் என்று கேள்வி.

இதனால் எனக்கு நேர்ந்தவற்றை ஒவ்வொன்றாக எழுதினால் தபால் கட்டணம் தாங்காது. அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "செத்தவுகளுக்கு டிக்கெட்டு எதுக்கு, நீங்க உக்காருங்க பெரியவரே" என்கிறான். இறங்கும்போது பஸ் முழுக்க ஒப்பாரி வைக்கிறது. என் உருவத்தை இப்படிச் சந்தி சிரிக்க வைக்கிறான் என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப் போனேன். ஏட்டையா மனுவை வாங்கவில்லை, எழுந்து நின்று கும்பிட்டார். "அது நீங்கதானாய்யா! எங்க வீட்டு அம்மா ஒங்க பரம ரசிகை. அந்த ரெண்டு திரி வசனத்த ஒரு தடவ ஒங்க வாயால சொல்லுங்க" என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். பக்கத்திலிருந்த கைதி சொல்லிக் காட்டினான். போன மாசம் குமாரலிங்கபுரத்திலிருந்து பெரிய மனிதர்கள் நான்கு பேர் தட்டில் பழத்தோடு வந்தார்கள். நடிகன் செத்தால் இப்போதெல்லாம் மழை வருவதில்லையாம். "அசல் ஆளே வந்து படுத்தா வருணபகவான் தட்ட மாட்டாரு. அரைமணி நேரம் படுத்தாப் போதும்ங்க, நெருப்பு வைக்க மாட்டோம்" என்று கெஞ்சினார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

ஒன்று மட்டும் எனக்கு விளங்காமல் இருந்தது. உப்புச்சாடிக்கு நான் பூட்டுப் போட்டது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை அது உன் மேடையில் வருகிறது. சுவருக்குக் காது முளைத்ததா என்று பார்த்தேன். சுவர் இல்லை, உன் அக்கா. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. நேருக்கு நேராகக் கேட்டேன். அவள் சுளகில் கம்பு புடைத்தபடியே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "ஆமா, நாந்தேன் சொன்னேன். சிரிக்கிறதுக்கு இந்த வீட்ல வேற என்ன வச்சிருக்கீக?"

இதுவரை எழுதியதை எல்லாம் மச்சான் மாப்பிள்ளை கேலி என்று நான் விழுங்கியிருப்பேன். ஆறு வருஷம் விழுங்கினேன். போன தை மாதம் என் ஆத்தா பெத்தம்மாள் செத்துப்போனாள். நீ கோயமுத்தூர்ப் பக்கம் ஆட்டத்தில் இருந்தாய், வரவில்லை, அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆத்தாவைக் குளிப்பாட்டிக் கிடத்திவிட்டார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள், கொட்டுக்காரர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தலைமாட்டில் உட்கார்ந்து "என்னப் பெத்த ஆத்தா" என்று வாயைத் திறந்தேன். கிறீச்சென்று வந்தது. முதலில் ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. அதன் தாய் அதன் வாயைப் பொத்தினாள், அவளுக்கே தோள் குலுங்கியது. அழுதுகொண்டிருந்தவர்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். பாடை கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் சந்தனம்மாள் மதினி, பாவம், சூதுவாது தெரியாதவள், விளக்கும் கையுமாக வந்து நிஜமாகவே என்னைக் கேட்டாள்: "கொழுந்தனாரே, ரெண்டு திரி போடவா, ஒன்னு போதுமா?" அவ்வளவுதான். வீடு இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. கொட்டுக்காரனுக்கு அடி தவறிப்போய்விட்டது. ஆத்தா நடுவில் கிடக்கிறாள். ரெண்டு போடு என்று கையால் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். சுடுகாட்டிலும் திறக்கவில்லை. கருமாதி வரைக்கும் திறக்கவில்லை. என்னைப் பெற்றவளை நான் அழாமல் அனுப்பினேன், சின்னத்துரை. இது எனக்கு ஆறவில்லை. இதை உன் சபா எந்த மேடையில் ஏறி ஈடுகட்டும்?

எனக்கு வயது ஐம்பத்தெட்டு. இனி இந்த வீட்டிலிருந்து தூக்க வேண்டிய அடுத்த ஆள் நான்தான். பிள்ளைகுட்டி இல்லை. அன்றைக்கு ஊர் வரும், நாற்பத்தோரு ஊரும் வரும், வந்து என்ன செய்யும்? விளக்கைப் பார்க்கும், நான் எழுந்து உட்காருவேன் என்று காத்திருக்கும், எழவில்லை என்றால் ஆட்டம் சுகமில்லை என்று போய்விடும். எனக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட இந்தச் சீமையில் ஆள் மிஞ்சவில்லை. இருந்த நாலு பேரையும் நீ சிரிக்கப் பழக்கிவிட்டாய். ஒரு மனுஷனிடமிருந்து பறிக்கக்கூடாதது என்று ஒன்று இருக்கிறது. நீ அதைப் பறித்துவிட்டாய்.

ஆகவே இக்கடிதம் கண்ட எட்டாம் நாளுக்குள் அந்த நாடகத்தை நிறுத்த வேண்டியது. சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டியது. தவறினால் வக்கீல் நோட்டீஸ் வரும். இன்று முதல் நீ எனக்கு மைத்துனனும் இல்லை, நான் உனக்கு மச்சானும் இல்லை. உன் அக்காவை நீயே வந்து கூட்டிக்கொண்டு போனாலும் எனக்குச் சம்மதமே. கஞ்சிக்கு மட்டும் ஒரு வழி சொல்லிவிட்டுப் போகச் சொல்.

என்ன இருந்தாலும் மூத்தவன். நீயும் உன் பெண்டு பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருந்து, பார்த்தவர் அழச் சாகும்படி ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
இன்றைய தேதிவரை சாகாத,
வ. கோட்டைச்சாமி

பின்குறிப்பு: இதை எழுதி நாலு நாளாகியும் தபாலில் போடவில்லை. நாடகத்தைக் கண்ணால் பார்க்காமல் நோட்டீஸ் விட முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். இந்த ஆறு வருஷத்தில் நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அதனால் முந்தாநாள் பாலவனத்தம் பொங்கலுக்கு, துண்டால் தலையை மூடிக்கொண்டு வந்து கூட்டத்தின் கடைசியில் நின்றேன். நீ சட்டைக் கையை மடித்த விதம் தப்பு, நான் அப்படி மடிப்பதில்லை. எல்லோரும் சிரித்தார்கள். திரி வசனத்துக்கு எனக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது, அதை விடு. கடைசியில் பாடையைத் தூக்கும்போது, உன் அக்கா வேஷத்தில் இருந்த மொக்கையன் மாரடிப்பதை நிறுத்திவிட்டு, சாதாரணமாகப் பேசுகிற குரலில், "வயித்துவலி வயித்துவலின்னு சொல்லி, பஞ்சத்துல ராக்கஞ்சிய எனக்கு ஒதுக்கிவச்ச மகராசா, அது வயித்துவலி இல்லன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீரு?" என்றான். அத்தனை கூட்டமும் கப்பென்று அடங்கிப்போனது. எனக்கு முன்னால் நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அந்த வயிற்றுவலி பொய் என்று நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. பஞ்சம்மாள் அதை உன்னிடம் சொல்லியிருக்கிறாள். தனக்குத் தெரியும் என்று முப்பது வருஷமாக என்னிடம் சொன்னதில்லை. ஆத்தாவுக்கு அழாததையும் சேர்த்து அங்கேயே நின்று அழுதேன், கிறீச்சென்றுதான் வந்தது, அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், சிரிக்கட்டும். நாடகத்தை நிறுத்தாதே. சட்டையும் உன்னிடமே இருக்கட்டும். நான் சாகிற தேதியில் மட்டும் மொக்கையனுக்கு வேறு எந்த ஊர் ஆட்டத்தையும் ஒப்புக்கொள்ளாதே. தேதி தெரிந்ததும் கார்டு போடுகிறேன்.