ஒழுங்காகச் சாகத் தெரியாதவன் எழுதுவது

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு உன் தம்பி வணங்கி எழுதுவது.

நீயும் அத்தானும் சுகம்தானே? அத்தானுக்கு மூட்டுவலி தேவலையா? இங்கே நான் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை கூசுகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மானம்தான் போய்விட்டது. உன் வீட்டு மாடியறையை எனக்கு ஒழித்துக் கொடு. பெட்டி கட்டிவிட்டேன். போனில் ஏன், எதற்கு என்று கேட்பாய், எனக்கு வாய் வராது. அதனால்தான் கடிதம், இன்றைக்கே ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். அத்தானுக்குப் படித்துக் காட்டாதே, சிரிப்பார்.

என் மகள் இப்போது நடிக்கும் படத்தில் அவள் கிடங்கில் மூட்டை தூக்குகிறவள். முன்பெல்லாம் காரிலிருந்து இறங்கி அழகாகச் சிரித்தால் போதும், அவள் வேலை முடிந்துவிடும். இதில் அப்படியில்லை. மூட்டைக்குள் பஞ்சை வைத்தால் தோள் காட்டிக்கொடுத்துவிடும் என்று அந்த டைரக்டர் தம்பி நிஜ மூட்டையையே தூக்கவைக்கிறார். இவளும் அதுதான் சரி என்று தூக்குகிறாள். தோளெல்லாம் கன்றிக் கிடக்கிறது. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பெண்ணாகவே நடக்கிறாள், ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் சமையலறைக்கு வருகிறாள். போதாக்குறைக்கு அந்தப் பெண் அரைப்பட்டினியாம், அதனால் இவளும் அரைப்பட்டினி. உடற்பயிற்சி மாஸ்டர் ஒருவர் வந்து, வேகவைத்த காய்தான் சாப்பாடு என்று சொல்லிவிட்டார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது அக்கா, பெற்றவன் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பான்? அந்தக் காயில் நான் வெண்ணெய் போட்டேன். கொஞ்சமாகத்தான். சரி, உன்னிடம் என்ன மறைவு, கொஞ்சமில்லை. எடை இறங்க மறுத்தது. மாஸ்டர் எடை மெஷினை மாற்றினார். டைரக்டர் மாஸ்டரையே மாற்றலாமா என்று யோசிக்க ஆரம்பித்தார். அந்த மனுஷன் என்னிடம் வந்து, "எங்க தப்பு பண்றேன்னே தெரியல சார்"னு கண் கலங்கறாரு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? "எல்லாம் சரியாப் போயிடும் தம்பி"ன்னு முதுகைத் தட்டிக் குடுத்தேன். தூ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

நேற்று, செத்துப்போன அப்பாவைப் பார்த்து அவள் அழ வேண்டிய காட்சி. அந்த அப்பா படத்தில் உயிரோடு வரவே மாட்டாராம். வெளியூரில் இருந்துகொண்டு, தன் வியாதியை மகளிடம் மறைத்து வைத்து, கடைசியில் பிணமாகத்தான் வந்து சேருவார். மொத்த அழுகையும் ஒரே ஷாட். அதற்காக முந்தின நாளிலிருந்தே அவள் யாரோடும் பேசவில்லை. என்னிடம் மட்டும், "இந்த ஒரு ஷாட்டுக்குத்தான்பா இவ்வளவு பாடும்" என்றாள். நானும் டிபன் டப்பாவோடு கூடப் போனேன். டப்பாவில் என்ன இருந்தது என்று கேட்காதே. போன இடத்தில், பிணமாக நடிக்க வந்த பெரியவருக்கு இருமல். இருமுகிற பிணத்தை வைத்துக்கொண்டு டைரக்டர் என்ன செய்வார்? சுற்றுமுற்றும் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சும்மா படுத்திருந்தாப் போதும் சார்" என்றார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன், குஷியாகத் தலையாட்டிவிட்டேன். மகள்தான் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மூச்சை மெதுவா விடுங்கப்பா. பேசிடாதீங்க." "பிணம் எங்கேயாவது பேசுமா?" என்றேன், பெரிய மேதாவி மாதிரி.

உனக்குத்தான் தெரியுமே, நான் ஆயுசு முழுக்க ரயில் நிலைய விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்தவன். கேள்வி காதில் விழுந்தால் பதில் தானாக வாய்க்கு வந்துவிடும். சாவுக்கு அழும் அழுகை முழுக்கக் கேள்விதான் என்பது படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது! முகத்தில் பவுடரை அப்பி, வெள்ளைத் துணியைப் போர்த்தி, ஆக்‌ஷன் என்றார்கள். அவள் காலை இழுத்து வரும் சத்தம் கேட்டது. என் மார்மேல் விழுந்தாள். "எங்கப்பா போனீங்க?" பல்லைக் கடிச்சுக்கிட்டேன். "எப்பப்பா வருவீங்க?" எங்க, எப்போ, ரெண்டும் என் கவுண்டர் கேள்வி அக்கா! நாக்கை மடிச்சு வச்சுக்கிட்டேன். அவ அழற அழுகை நடிப்பு மாதிரியே இல்ல. அவ எலும்பு என் எலும்புல இடிக்குது. சின்ன வயசுல காய்ச்சல்னு தோள்ல போட்டுக்கிட்டு நடப்பேனே, அப்பகூட இதைவிடக் கனமா இருந்தா. அப்பத்தான் என் சட்டையைப் பிடிச்சு உலுக்கிக் கேட்டா, "எங்கிட்ட என்னப்பா மறைச்சீங்க? சொல்லுங்கப்பா!"

"வெண்ணெய்தாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

கண்ணையும் திறந்துவிட்டேன். "தினம் காய்ல போட்டேன்மா, பாவம், மாஸ்டர் மேல தப்பே இல்ல" என்று மீதியையும் சொல்லி முடித்தேன். கேமராமேன் சிரித்த சிரிப்பில் கேமராவே ஆடியது. மேக்கப் அம்மா சிரித்தார், இருமல் பெரியவர் இருமி இருமிச் சிரித்தார். மாஸ்டர் மட்டும் "வெண்ணெயா?" என்று கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் கண்ணீர் வழிய, நான் யாரென்றே தெரியாததுபோல் பார்த்துவிட்டு, நொண்டிக்கொண்டே வெளியே போனாள். இருமல் பெரியவருக்கு மருந்து கொடுத்துப் படுக்கவைத்து மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அவளுக்கு ஒரு சொட்டு வரவில்லை. பேக்கப் சொல்லிவிட்டார்கள். அத்தனை நாள் பட்டினியையும் தோள் வலியையும் நான் வாயைத் திறந்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டேன். பவுடரைக் கழுவக்கூடத் தோன்றாமல் வீட்டுக்கு வந்தேன், லிஃப்டில் பக்கத்து வீட்டம்மா அலறிவிட்டார். அவமானம் பிடுங்கித் தின்கிறது அக்கா. நேற்றிலிருந்து அவள் அறைக் கதவு சாத்தியே இருக்கிறது. வாசலில் காய்த்தட்டு வைத்தேன், சத்தியமாக வெண்ணெய் இல்லாமல். தட்டு அப்படியே இருக்கிறது. இனி ஷூட்டிங் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். நாளைக் காலை வண்டிக்கே கிளம்பி வருகிறேன், எந்த முகத்தோடு அவள் எதிரில் நிற்பது?

அத்தானுக்கு என் வணக்கம். வீட்டுக் குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டு நீண்ட நாள் இருக்கட்டும், யாரும் நடிக்க மட்டும் போகவேண்டாம்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத உன் தம்பி.

பின்குறிப்பு: மாடியறையை ஒழிக்க வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது அவளே கதவைத் திறந்துகொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "அந்தப் பெரியவரைப் பார்த்தா வசனம்தான்பா ஞாபகம் வருது. உங்களைப் பார்த்தப்போ எல்லாம் மறந்துபோச்சு. என்ன மறைச்சீங்கன்னு கேட்டது வசனத்துலயே இல்ல. நிஜமாவே உங்க உடம்புக்கு ஏதாவது இருந்து, எங்கிட்ட சொல்லாம இருக்கீங்களோன்னு பயந்துட்டேன்" என்றாள். வெண்ணெயைத் தவிர எதுவும் இல்லை என்று அவள் தலைமேல் கைவைத்துச் சொன்னேன். காய்த்தட்டைக் காலி செய்தாள். மிச்ச வெண்ணெயை மாஸ்டர் வந்து கையோடு எடுத்துப் போய்விட்டார். ஆகவே அக்கா, நாளைக் காலை நான் உன் வீட்டுக்கு வருவதற்கில்லை, மறுபடியும் சாக வேண்டியிருக்கிறது. அங்கே என்ன கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது, பதிலையெல்லாம் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறாள். முதல் கேள்விக்கு இப்போதே பதிலைத் தயாராக வைத்திருக்கிறேன்: எங்கேயும் போகலைம்மா.