யாழ்ப்பாணத்துக்கு மூன்று ரிகர்சல்

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் எதையுமே முதல்முறையாகச் செய்யாத ஒரே மனிதர் எங்கள் பக்கத்து வீட்டு ரிகர்சல் அண்ணன்தான். பல் பிடுங்குவதென்றாலும் முந்தின நாளே பதுளைக்குப் போய், டாக்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, வாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு வருவார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு இருந்தது. கரண்ட் பில்லில் பார்த்திருக்கிறேன். யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை.

தொழில் எலக்ட்ரீசியன். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தப் பக்கம் அவர் தும்மினால் இந்தப் பக்கம் என் தேத்தண்ணிக் கோப்பை ஆடும். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மத்தியானத்துக்கு மேல் சும்மா இருக்கும் ஆள் என்பதால், அவருடைய ரிகர்சல்களில் இன்னொரு ஆள் வேண்டுமென்றால் அது நான்தான்.

அவர் கல்யாணத்துக்கு முந்தின நாள் கோயிலில் மணப்பெண்ணாக நின்றதும் நான்தான். கையை எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்று மூன்று தடவை எனக்கு மாலை போட்டுப் பார்த்தார். நான் ஆறடி. பரமேஸ்வரி அண்ணி ஐந்தடிக்கும் குறைவு. மறுநாள் முகூர்த்தத்தில் அண்ணன் பழகிய உயரத்துக்கே கையைத் தூக்கினார். மாலை அண்ணியின் தலைக்கு மேலாகப் போய், பின்னால் நின்ற நாதஸ்வரக்காரர் கழுத்தில் விழுந்தது. அந்த மனிதர் வாசிப்பை நிறுத்தாமலே அதை ஏற்றுக்கொண்டார்.

அண்ணி பதுளை ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. யாழ்ப்பாணத்தில் நர்ஸ் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக் கொடுக்கும் வேலை. அதற்காக இரண்டு முறை பரீட்சை எழுதியவர் அண்ணி. ஆறு வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும், தவறினால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஊவா மாகாணத்தில் பிறந்து ஊவாவிலேயே வளர்ந்த இரண்டு பேர், மலையை விட்டு இறங்கி நாட்டின் மறுகோடிக்கு, வேறொரு மாகாணத்துக்குக் குடிபோக வேண்டும்.

"யாழ்ப்பாணந்தானே, போயிருவோம்" என்றார் அண்ணன். "ஒரே ஒரு ரிகர்சல் மட்டும் பாத்துக்குவோம்."

முதலில் வெயிலுக்கு ரிகர்சல். அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊரிலோ பத்து மணி வரை பனி மூட்டம். ஆகவே அண்ணன் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தோட்டத்து பாக்டரியில் தேயிலை காய வைக்கும் அடுப்பின் பக்கத்தில் தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் பாக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். தேயிலையைவிட இவர் வேகமாகக் காய்ந்துகொண்டிருந்தாராம்.

அடுத்தது பேச்சு. யாழ்ப்பாணத்தார் போல "ஆமா"வுக்குப் பதில் "ஓம்" என்று இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை போட்டால் போதும் என்பது அவர் முடிவு. பதுளை டவுனில் அவர் வழக்கமாக வயர் வாங்கும் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பதினைந்து வருடமாக அவரைத் தெரிந்த கடை முதலாளி நானா கல்லாவில் இருந்தார்.

"ஓம், எனக்கு நூறு அடி வயர் வேணும். என்ன விலை சொல்லுறியள்?" என்றார் அண்ணன்.

நானா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் வாயையே பார்த்தார். "என்ன தம்பி, பல்லு ஏதும் புடுங்கினீங்களா?"

மூன்றாவது வாரம் சாமான் ஏற்றும் ரிகர்சல். மரக்கறி லொறி ஓட்டும் கூட்டாளி ஒருவரைப் பிடித்து, வீட்டுச் சாமான் அத்தனையையும் லயத்து ஆட்களைக் கொண்டு ஏற்றினார். லொறி பதுளை பஸ் ஸ்டாண்ட் வரை போய், ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தது. எல்லாவற்றையும் இறக்கினோம். அலுமாரி மட்டும் வந்த வழியே உள்ளே போக மறுத்துவிட்டது. வெளியே எடுக்கும்போது எப்படிச் சாய்த்தோம் என்பது எங்கள் எட்டுப் பேரில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. அலுமாரி வாசலிலேயே நின்றது. காலையில் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் நின்று, அண்ணிக்குச் சேலை தேர்ந்து கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"இன்னைக்கு அந்த நீலத்தக் கட்டுங்க நர்ஸம்மா. நேத்துதானே பச்ச கட்டுனீங்க."

அண்ணி நீலத்தைக் கட்டிக்கொண்டு போனார்.

பிறகு விடைபெறும் ரிகர்சல். அண்ணன் வீடு வீடாகப் போய்க் கண்கலங்கிப் போய்வருகிறேன் என்றார். ஜனங்களும் அழுதார்கள். லீக்ஸ், கரட், ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு வீட்டில் உயிரோடு ஒரு சேவல் என்று கொடுத்தனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து, அது ரிகர்சல்தான், சில இடங்களில் சரியாக அமையவில்லை என்று மறுபடி போனார். வெறும் தேத்தண்ணி கொடுத்தார்கள். சேவலைப் பற்றி விசாரித்தார்கள். மூன்றாம் முறை போனபோது, கடைசி வீட்டு ரிட்டயர்டு கங்காணி முற்றத்தில் இருந்தபடியே கேட்டார்: "என்னப்பா, போயிட்டு வந்துட்டியா?"

ஐந்து வாரம் முடிந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அண்ணி என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"தம்பி, இவரு ரிகர்சல் பாக்கல. நாளக் கடத்துறாரு. எனக்குத் தெரியும். நீங்க ஒரு வார்த்த கேளுங்க."

கேட்டேன். அண்ணன் வாசலில் அலுமாரியில் சாய்ந்து நின்று, ஒரு பழைய பல்ப் ஹோல்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தோட்டத்துல எந்த வீட்ல கரண்டு போனாலும், மொதல்ல என்னத்தான் கூப்புடுறாங்க. எந்த பியூஸ் எங்க இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன்" என்றார். "அங்க நான் யாரு தம்பி? நர்ஸம்மா புருஷன். சாமான் ஏத்துறது, பேசுறது, அழுவுறது எல்லாத்தையும் பாத்தாச்சு. அங்க போயி இருக்குறத மட்டும் எப்புடி ரிகர்சல் பாக்குறது?"

இதை அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன். நடுவில் ஒரே சுவர்தான் என்பதால், திறந்திருந்த என் வீட்டில் இருந்தபடியே அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது மட்டும் பிறகு தெரிந்தது.

திங்கட்கிழமை காலை அண்ணி ஒரு பையோடு வாசலில் நின்றார்.

"நானும் ஒரு ரிகர்சல் பாத்துட்டு வர்றேங்க" என்றார்.

அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். பத்து வருடத்தில் மனைவி முதல்முறையாகத் தன் வழிக்கு வந்திருக்கிறாள் என்று என்னிடம் பெருமைப்பட்டார். பஸ் வரை போய் வழியனுப்பினார். சீட் எந்தப் பக்கம் வெயில் படாது என்றுகூடச் சொல்லிக்கொடுத்தார்.

புதன்கிழமை போன் வந்தது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டதால் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது.

"சேர்ந்துட்டேங்க. கையெழுத்துப் போட்டாச்சு. வீடும் பாத்துட்டேன். இங்க ரோட்டு முழுக்க வீடு கட்டுறாங்க, வயர் இழுக்க ஆள் கெடைக்கலன்னு வீட்டுக்காரம்மா பொலம்புறாங்க." பிறகு அண்ணியின் குரல் இறங்கியது. "நேத்து ஒருத்திக்குத்தான் சோறாக்க நெனச்சேன். ரெண்டு பேருக்கு வடிச்சிட்டேன்."

அதற்குப் பிறகு நடந்ததை நான் சொன்னால் லயத்தில் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. பத்தே நிமிடத்தில் அண்ணன் வெளியே வந்தார். லிஸ்ட் இல்லை, பெட்டி இல்லை. வீட்டில் போடும் ரப்பர் செருப்பு, சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது, தோளில் டூல் பை. சாவியை என் கையில் வைத்தார்.

"சாமான?" என்றேன்.

"அனுப்பி விடு தம்பி. ஏத்தத்தான் ஒங்களுக்கெல்லாம் தெரியுமே."

யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினார். மூன்று தடவை விடைகொடுத்து அனுப்பிய ஊருக்கு, அவர் உண்மையாகப் போனது சாயங்காலம் நான் சொல்லித்தான் தெரியும். கங்காணி நம்பவில்லை. ஒரு மாதம்வரை "இன்னும் வரலியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

சாமானை நாற்பது நிமிடத்தில் ஏற்றினோம்.

இப்போது யாழ்ப்பாணத்தில் அவர் கையில் இரண்டு பேர் வேலை செய்கிறார்களாம். "ஓம்" மட்டும் இன்னும் சரியாக வரவில்லையாம். வாரம் ஒரு முறை போன் பண்ணி வெயிலைத் திட்டுகிறார், அண்ணி பின்னால் சிரிக்கிறார்.

என் வீட்டு வாசல் பல்ப் போய் ஒரு மாதமாகிறது. புதியது வாங்கி ஜன்னலில் வைத்திருக்கிறேன். எனக்கு மாட்டத் தெரியாமலில்லை. சித்திரை வருஷப் பிறப்புக்கு அண்ணன் வருகிறார்.