துரை காருக்குத் தண்ணி காட்டினேன்

"தெரியாது" என்று சொல்ல வாய் வராதவனிடம் மாட்டைக் கொடுக்கலாம். இரண்டு உதை விட்டு அதுவே அவனைத் திருத்திவிடும். காரை மட்டும் கொடுக்கக் கூடாது. அவன் அளப்பதையெல்லாம் அது பேசாமல் கேட்டுக்கொண்டு நிற்கும்.

லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்த நான் வெள்ளைக்காரத் துரையின் டிரைவரானது அப்படித்தான். "எஞ்சின் தெரியுமா?" என்றார். "எல்லாம் தெரியுங்க" என்றேன். (தெரிந்தது ஹாரன். அதில் என்னை அடித்துக்கொள்ள ஜொகூரிலேயே ஆள் கிடையாது.) சிங்கப்பூரில் எவனோ பந்தயத்தில் ஓட்டி அலுத்து விற்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே பேர் உட்காரலாம். எஞ்சின் மூடியைத் திறந்து எண்ணெய், தண்ணீர் பார்ப்பதெல்லாம் துரையே, காலையில், பூசை மாதிரி. நான் முன்னால் நின்று எஞ்சினைக் கிளப்பக் கைப்பிடியைச் சுற்றுவேன், பித்தளையைத் துடைப்பேன், தோட்டத்துக்குள் ஓட்டுவேன்.

ரேடியேட்டர் தலையில் இறக்கை விரித்த வெள்ளிப் பெண் ஒருத்தி நின்றாள். ஆயுத பூசையன்று லயத்து வரிசைவீட்டு ஜனங்கள் அவளுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சூடம் காட்டினார்கள். துரை சிரித்துவிட்டுப் போய்விட்டார். அன்று முதல் அவள் எங்களுக்கு அம்மன்.

அந்தச் சமயம் என் மாமனார் பாலோ ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் சாகக் கிடந்தார். என் மனைவி அஞ்சலை பார்த்துக்கொள்ளப் போயிருந்தாள். அவள் அண்ணன் வீரய்யா நான் இருந்த தோட்டத்தில்தான் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தான். பெரியவருக்கு அவன் ஒரே மகன். ஒருநாள் காலை ரயிலில் வந்த ஆள் அவனிடம் சொன்னான்: "பெரியவருக்கு இழுத்துக்கிட்டு கெடக்கு. மகன் கையால ஒரு சொட்டுப் பால் எறங்கினாத்தான் போவும்போல. கண்ணு வாசலையே பாக்குது."

அந்தப் பக்கம் போக மறுநாள்தான் ரயில். துரை நல்ல மனுஷன். "காரைக் கொண்டு போ. ரேடியேட்டர் ஒழுகுது. தண்ணி பாத்து ஊத்து" என்று தமிழிலேயே சொன்னார். எங்கே ஊற்றுவது என்று கேட்டிருக்கலாம். எல்லாம் தெரிந்தவன் எப்படிக் கேட்பது?

வீரய்யா மடியில் பால் செம்பு, மேலே துணி கட்டி. செம்மண் மேட்டில் ஏறும்போது அம்மனின் காலடியிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அவன் ஒரு கையால் கும்பிட்டான். "ஆத்தா கோவிச்சுக்கிட்டா, மச்சான்!"

"ஆத்தா இல்ல, தண்ணி. எறங்கு" என்று எஞ்சின் மூடியைத் திறந்தேன்.

"இந்தத் தடி ரப்பர் குழாய் என்னா?"

"காத்துக் குழாய். எஞ்சின் மூச்சு விடுறது."

"இந்த மெல்லிசுச் செப்புக் குழாய்?"

"அதுலதான் தண்ணி போவும். இதோ உருண்டையா மாட்டியிருக்கே, இதான் தண்ணித் தொட்டி."

(அப்படியே தலைகீழ். தடிக் குழாயில்தான் தண்ணீர். செப்புக் குழாய் வழியாக எஞ்சின் காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சலில் பின்னாலிருந்து பெட்ரோல் ஏறி அந்த உருண்டைத் தொட்டியில் விழும். கார் கிளம்ப மறுக்கும் நாட்களில் துரை அதில் டப்பாவிலிருந்து எதையோ ஊற்றுவதைக் கைப்பிடியோரம் நின்று பார்த்திருக்கிறேன். ஊற்றினால் அது தண்ணீர்தானே என்பது என் இஞ்சினீயரிங்.)

வீரய்யாவுக்குச் சந்தேகம். "ஆவி ஆத்தா காலடியிலருந்துல்ல வருது? அவளைத் திருகி எடுத்துட்டு அங்க ஊத்தினா என்னா?"

"அம்மன் கழுத்தைத் திருகச் சொல்றியா? அதுவும் இன்னிக்கி?"

அவன் பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டான். (அவன் சொன்னதுதான் சரி. அவள்தான் ரேடியேட்டரின் மூடி.)

சாலையோர அல்லூர்க் கால்வாயில் ஓடிய கலங்கல் தண்ணீரை என் டிரைவர் தொப்பியில் மொண்டு வந்து, உருண்டைத் தொட்டியின் திருகைக் கழற்றி, வழியும்வரை ஊற்றினேன். கைப்பிடியைச் சுற்றினேன். கார் இரண்டு தரம் இருமி அடங்கியது. தோள் கழலச் சுற்றியும் அசையவில்லை.

வீரய்யா தொட்டிக்குள் விரல் விட்டு மோந்து பார்த்தான். "மச்சான், உன் தண்ணித் தொட்டி பெட்ரோல் நாத்தம் அடிக்குது."

திட்டியிருந்தால் தேவலை. செம்பைத் தூக்கிக்கொண்டு அவன் பாட்டுக்கு நடந்தான். பின்னாலேயே ஓடினேன்.

வெகுதூரம் நடந்தபின் ஒரு மலாய்க்காரர் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டார். "அலமாக்! கெரேத்தா ரோசாக்கா?" என்றார். ஆமாம், கார் கெட்டுவிட்டது என்றேன். கெடுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. மாடு மெதுவாகப் போனது பொறுக்காமல் கயிற்றுக்குக் கை நீட்டினேன். வீரய்யா என் மணிக்கட்டைப் பிடித்தான். "நீ எதையும் தொடாத."

லயம் கண்ணில் படுமுன்பே சங்குச் சத்தம் கேட்டது. அவன் மணிக்கட்டை விடவில்லை. பிடி மட்டும் இறுகியது.

மாமியார் வாசலுக்கு வந்தார். "காத்துக் காத்துப் பாத்தாருப்பா. இருக்கவும் முடியல, போவவும் முடியல. பாக்கச் சகிக்காம அஞ்சலதான் ஊத்தினா. எறங்கின ஒடனே அடங்கிட்டாரு."

வீரய்யா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து செம்பின் துணியை அவிழ்த்தான். வெயிலில் பால் திரிந்துபோயிருந்தது. சற்று நேரம் பார்த்துவிட்டு மறுபடியும் துணியைக் கட்டினான்.

அதன்பின் அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கருமாதிப் பந்தியில், ஏதாவது உபகாரம் செய்து பிழைக்கலாமே என்று, தண்ணீர்ச் செம்போடு வரிசையில் வந்தேன். மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த வீரய்யா நிமிர்ந்து பார்த்தான்.

"மச்சான், இது தம்ளர். இது எலை. பாத்து ஊத்து."

முதலில் சிரித்தது மாமியார்தான். சிரித்த வேகத்திலேயே முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்திலும் என் கையில் செம்பு தர மாட்டார்கள். என் மகன் போன தீபாவளிக்குச் சொன்னான்: "அப்பா, ஒங்க நேரம் வர்றப்ப நான் பாலோட வந்து நிப்பேன். எங்க ஊத்தணும்னு ஒரு விரலைக் காட்டிட்டுப் போங்க, போதும்."

பேரப்பிள்ளைகள் பாயில் உருண்டு சிரித்தன. நானும்தான் சிரித்தேன். வீரய்யா மட்டும் வெற்றிலையை மென்றபடி என் மகனைப் பார்த்தான்.

"நீ மொதல்ல நேரத்துக்கு வந்து சேருடா" என்றான்.