எங்கள் லெஃப்ட் பேக்குக்குப் பலவீனம் கிடையாது

பெருமதிப்புக்குரிய விளையாட்டுப் பக்க ஆசிரியர் ஐயா அவர்களின் மேலான கவனத்துக்கு,

லெஃப்ட் பேக்கின் பாட்டி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மகளும் மருமகனும் பேரனும் சுகம். என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி ஒரு குறையும் இல்லை. அங்கே தாங்களும் தங்கள் வீட்டாரும், தங்கள் பத்திரிகையை அச்சடிப்பவர் முதல் அதைச் சுருட்டி எங்கள் மாடிக்கு வீசிவிட்டுப் போகிறவர் வரை எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். வீசுகிறவர் கொஞ்சம் குறி பார்த்து வீசினால் என் ரோஜாத் தொட்டியும் சுகமாக இருக்கும்.

நிற்க. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அதனால் இந்தக் கடிதத்தில் எழுத்துப் பிழை இருந்தால் தாங்களே திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது, அதில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

போன வாரம் தங்கள் பக்கத்தில் எங்கள் கால்பந்து அணியின் லெஃப்ட் பேக்கை, அதாவது இடது ஓரத்தைத் தடுத்து ஆடும் என் பேரனைப் பற்றி ரசிகர்களின் விவாதம் என்று போட்டிருந்தீர்கள். நடுவில் பேரனுடைய படம். படம் நன்றாக இருந்தது, தலையை மட்டும் வாரியிருக்கலாம். படத்துக்கு ஒரு பக்கம் 'பலம்' என்று ஒரு பத்தி, மறுபக்கம் 'பலவீனம்' என்று ஒரு பத்தி. பலம் என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, ஏதோ மருந்துச் சீட்டு மாதிரி முடிந்துவிட்டது. பலவீனமோ இறங்கி இறங்கி, டயர் விளம்பரத்தையும் தாண்டி, வானிலை அறிக்கையில் போய் இடித்துக்கொண்டு நின்றது. என் மகள் கத்தரிக்கோலை எடுத்துப் பக்கத்தை நடுவில் வெட்டி, பலத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள், பலவீனத்தைச் சமையலறை அலமாரியில் பாத்திரத்துக்கு அடியில் விரித்தாள். படம் நடுவில் இருந்ததால் பலத்தோடு பிள்ளைக்கு ஒரு காதும் ஒரு கண்ணும் பாதி மூக்கும்தான் வந்தன. ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஒற்றைக் கண் என்னைப் பார்க்கிறது. இதற்கெல்லாம் யார் பொறுப்பு ஐயா?

அதோடு போயிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். அவனுடைய கோச்சும் உங்கள் பத்திரிகையைத்தான் வாங்குகிறார். அவர் பலவீனப் பத்தியை மட்டும் வெட்டி, பையன்கள் உடை மாற்றும் அறைக் கதவில் ஒட்டிவிட்டார். "அரையிறுதியிலே இரண்டாவது பாதியில ஒருத்தன் உன் முதுகுக்குப் பின்னாடி புகுந்தாலும் சரி, இறுதி ஆட்டத்துக்கு நீ பெஞ்சுதான். புதுப் பையன் தயாரா இருக்கான்" என்று சொல்லிவிட்டாராம். பேரன் வாரம் முழுக்க ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில் நின்று உழைக்கிறவன், வாரக் கடைசியில் அந்தப் புல்லில் ஓடுவதற்காகவே உயிரோடு இருக்கிறவன். அன்றைக்கு வந்து சாப்பாட்டைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தான். பெஞ்சு என்றால் ஆட விடாமல் ஓரமாக உட்கார வைப்பது, உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டாம்.

எங்கள் வீடு சலூனுக்கு நேர் மேலே. தலைமுடி வெட்டும் சத்தமும் கால்பந்து விவாதமும் ஒரே ஜன்னல் வழியாகத்தான் எங்கள் சமையலறைக்குள் வரும். உங்கள் பத்தியில் எழுதிய பெரிய மனிதர்கள் எல்லாம் அந்தச் சலூன் வாடிக்கையாளர்கள்தான். மறுநாள் காலை சலூன்காரர் பல் டாக்டருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார், பஸ் டிரைவர் முறைக்குக் காத்திருந்தார்.

"தடுப்புல அவனை அடிச்சுக்க ஆள் இல்லைங்க. சறுக்கிப் போய் பந்தை மட்டும் எடுப்பான், எதிராளி காலைத் தொட மாட்டான்" என்று சலூன்காரர் சொன்னார். நல்ல மனிதர், அவர் கடை செழிக்கட்டும்.

"முதல் பாதியில எடுப்பான். இடைவேளைக்கு அப்புறம் பந்து ஒரு ஊர்ல, இவன் ஒரு ஊர்ல. நான் ரிவர்ஸ் எடுக்கும்போதுகூட பின்னாடி பாக்குறேன், இவன் பாக்க மாட்டேங்கிறானே!" இது டிரைவர்.

"மூச்சு பத்தலையோ?"

"மூச்சா? முன்னாடி ஓடச் சொல்லுங்க, கோல் வரைக்கும் ஓடுறான். மூச்சு முன்னாடி போக இருக்கு, பின்னாடி வரத்தான் இல்ல."

அப்போது பல் டாக்டர் வாயைத் திறந்தார். "பாக்குறான்யா, அதான் பிரச்சினையே. ஆளைப் பாக்கலை, தலையைத் திருப்பித் திருப்பி கேலரியைப் பாக்குறான். கைதட்டு வருதான்னு பாக்குறான்."

"சார், முகத்துல சோப்பு இருக்கு, ஆடாதீங்க."

இதே வாசகத்தைத்தான் டாக்டர் உங்களுக்கும் எழுதிப் போட்டிருந்தார். எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. கையில் இருந்த கரண்டியோடு கீழே இறங்கினேன். ஐயா, அந்தச் சலூன் மாறிய வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"வாங்க பாட்டி, உங்க பேரனைப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம். என்னா வேகம், என்னா வேகம்!"

"எந்தப் பாதியிலே?" என்று கேட்டேன்.

டிரைவர் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். சலூன்காரர் கத்தியைத் துடைக்க ஆரம்பித்தார். பல் டாக்டர் தன் உதட்டுச் சோப்பைக் காட்டி, பேச முடியாது என்று கையால் சொன்னார். ஊரை எல்லாம் வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைக்கிறவர், என் கரண்டிக்கு முன்னால் தன் வாயைத் திறக்கவில்லை.

தம்பி, இனி உங்களைத் தம்பி என்றே கூப்பிடுகிறேன், ஐயா என்று எழுதினால் கோபம் சரியாக வர மாட்டேன் என்கிறது. இரண்டாவது பாதியில் கொஞ்சம் தடுமாறுகிறான் என்பதை நானும் பார்க்காமல் இல்லை. ஆனால் நான் பார்க்கலாம், அவர்கள் பார்க்கலாமா? விருந்தாளியை வழியனுப்ப முன்வாசலுக்குப் போனவன் பின்கதவைத் திறந்து போட்ட மாதிரி, எதிரணியில் ஓரமாக ஓடி வரும் விங்கர் இவன் முதுகுப்பக்கமாகச் சாவகாசமாக நுழைவதைப் பார்த்து நானும்தான் கேலரியில் எழுந்து நின்றிருக்கிறேன். அன்று மாலை துணி மடிக்கும்போதுதான் எனக்கு உண்மை பளிச்சென்று தெரிந்தது.

எங்கள் லீக் ஆட்டங்கள் எல்லாம் ஒரே மைதானத்தில்தான் நடக்கும் என்பது தங்களுக்குத் தெரியும். எங்கள் கேப்டனுக்கு முதல் பாதியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும் கோல் பக்கம் நின்று ஆடினால்தான் ராசி, எதிரணிக்காரர்களும் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்துவிடுவார்கள். அதனால் முதல் பாதியில் லெஃப்ட் பேக் எப்போதும் எங்கள் கேலரி ஓரமாகவே ஓடுவான். நான் கீழ் வரிசையில் கம்பிவலையை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, "பின்னாடி ஆள்! பின்னாடி ஆள்!" என்று குரல் கொடுப்பேன். அவன் டக்கென்று அடைத்துவிடுவான். இடைவேளைக்குப் பிறகு அணிகள் இடம் மாறுகின்றன, பிள்ளை மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய்விடுகிறான். எனக்கு உட்கார முடிவதில்லை. கேலரி உச்சிக்கு ஏறிக் கத்துகிறேன், சரியாகத் தெரியவில்லை என்றால் இறங்கி வந்து கத்துகிறேன், மறுபடி ஏறுகிறேன். (அந்தப் படிகளுக்கு ஒரு கைப்பிடி கிடையாது தம்பி. போன வருஷம் அங்கேதான் விழுந்து கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டேன். முடிந்தால் அதையும் ஒரு மூலையில் போடுங்கள்.) ஆக, முதல் பாதியில் அவனுக்கு என் குரல் கேட்கிறது, இரண்டாவது பாதியில் கேட்கவில்லை. இவ்வளவுதான் சங்கதி! பலவீனம் பிள்ளையிடம் இல்லை, தூரத்தில் இருக்கிறது.

மகளிடம் சொன்னேன். அவள் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அம்மா, கோச் கத்துறதே அவன் காதுல ஏற மாட்டேங்குது, நீ கத்துறதா ஏறப் போகுது?"

"கோச் சம்பளத்துக்குக் கத்துறார். நான் சொந்தத்துக்குக் கத்துறேன். வித்தியாசம் இருக்குடி."

அரையிறுதி அன்று இடைவேளை விசில் ஊதியதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கோல் கம்பத்துக்குப் பின்னால் சுற்றி, காவலாளி "எங்க பாட்டி போறீங்க?" என்று கேட்க, "வேலையா போறேன்" என்று சொல்லிவிட்டு, எதிரணி ரசிகர்கள் உட்காரும் பக்கம் போய் நின்றேன். அத்தனை பேரும் அவர்கள் நிறத்தில் சட்டை, நான் மட்டும் எங்கள் நிறத்தில் சேலை. ஊதுகுழல் வைத்திருந்த ஒரு தடியர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாட்டி, நீங்க எந்த டீம்?"

"நான் லெஃப்ட் பேக் டீம்" என்றேன்.

அவர்கள் சிரித்த சிரிப்பில் ஊதுகுழல் கீழே விழுந்தது. நல்ல பிள்ளைகள் தம்பி, வளர்த்தவர்களைச் சொல்ல வேண்டும். முன்னால் கம்பிவலை ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள், வெயில் படுகிறது என்று ஒருவர் தலைக்கு மேலே குடையைப் பிடித்தார். என் காதருகிலேயே அவர்களுக்குள் விவாதம். "இவன் இரண்டாவது பாதியில தூங்குவான், நம்ம ஆள் பின்னாடி பூந்துடுவான் பாரு" என்று ஒருவர். "பேப்பர்லயே போட்டிருந்தாங்க" என்று இன்னொருவர். உங்கள் பக்கம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்! திரும்பி நாலு வார்த்தை கேட்டிருப்பேன், ஆனால் நாற்காலியும் குடையும் கொடுத்தவர்களிடம் சண்டை போட மனசு வருமா?

பிள்ளை மைதானத்துக்குள் வந்தான். என்னைப் பார்த்தான். ஒரு விநாடி நின்றான், பிறகு தலையை ஆட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போனான். அதற்குப் பிறகு அவன் ஆடியதை எழுத என் ஐந்தாம் வகுப்புத் தமிழ் போதாது. அவர்களுடைய விங்கர் வெளியே வந்தாலும் இவன் அங்கே, உள்ளே வெட்டினாலும் இவன் அங்கே. நான் "பின்னாடி ஆள்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஊதுகுழல் போட்ட போட்டில் எனக்கே என் குரல் கேட்கவில்லை, ஆனால் அவனுக்குக் கேட்டுவிட்டது, ரத்த பந்தம் என்பது அதுதான். ஆட்டம் முடியப் போகிற நேரம், ஒன்றுக்குப் பூஜ்யம் என்று நாங்கள் முன்னால் இருக்கிறோம். எதிர் ஓரத்திலிருந்து குறுக்கே தூக்கி அடித்த கிராஸ் ஒன்று எங்கள் கோல்கீப்பர் கைக்கு எட்டாமல் வருகிறது, விங்கர் பின்னாலிருந்து பாய்கிறான், குடை பிடித்தவர் குடையை விட்டுவிட்டு எழுந்துவிட்டார். எங்கள் பிள்ளை அவனுக்கு முன்னால் எழும்பித் தலையால் முட்டினான் பாருங்கள், பந்து வெளியே பறந்து என் நாற்காலிக்கு எதிரே கம்பிவலையில் வந்து விழுந்தது! நான் எழுந்து குதித்தேன். சுற்றிலும் அத்தனை பேரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, நான் ஒருத்தி மட்டும் குதித்தேன். ஊதுகுழல்காரர், "பாட்டி, உங்க பேரன்னு சொல்லவே இல்லையே" என்றார். "கேக்கவே இல்லையே" என்றேன்.

கோச் கதவில் ஒட்டியிருந்ததைக் கிழித்துவிட்டாராம். ஆகவே தம்பி, வரும் வாரம் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், எங்கள் லெஃப்ட் பேக்குக்குத் தடுப்பாட்டத்தில் ஒரு பலவீனமும் கிடையாது, குரல் கேட்கும் தூரம்தான் பிரச்சினையாக இருந்தது, அதுவும் தீர்ந்துவிட்டது, பல் டாக்டர் எழுதியது முழுப் பொய் என்று போட வேண்டுமாய்த் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். படத்தை இந்தத் தடவை நடுவில் போடாமல் ஓரமாகப் போடுங்கள், வெட்ட வசதி.

தாங்களும் தங்கள் பிள்ளைகளும் எந்தக் குறையும் அண்டாமல் பல்லாண்டு வாழ வேண்டும். தங்கள் முதுகுக்குப் பின்னால் எந்தக் காலத்திலும் எவனும் புகாமல் இருக்கட்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் என் விசாரிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்,
லெஃப்ட் பேக்கின் அம்மாவைப் பெற்றவள்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டுப் பேரனிடம் தபால் பெட்டியில் சேர்க்கச் சொன்னேன். முகவரியைப் பார்த்ததும் பிரித்துப் படித்துவிட்டான். படித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"பாட்டி, நீ கத்துனது ஒரு நாளும் எனக்குக் கேட்டதில்லை. உள்ளே நின்னா எல்லாக் குரலும் ஒண்ணாக் கலந்து ஒரே இரைச்சல்தான்."

"அப்ப முதல் பாதியிலே எப்படிடா நல்லா ஆடுனே?"

"முதல் பாதியில நீ எனக்குப் பக்கத்துலயே உக்காந்திருப்பே, ஓரக்கண்ணுல தெரியும். அப்புறம் நான் அந்தப் பக்கம் போயிடறேன். நீ கைப்பிடி இல்லாத படியில ஏறுறே, இறங்குறே, திரும்ப ஏறுறே. விழுந்துட்டியா, நிக்கிறியான்னு ஒரு தடவை திரும்பிப் பாப்பேன். அதுக்குள்ள அவன் பின்னாடி பூந்துடறான். இந்தத் தடவை நீ நாற்காலியில, குடைக்குக் கீழே, மகாராணி மாதிரி என் முன்னாடி உக்காந்திருந்தே. எனக்கு என்ன கவலை?"

கோச்சிடமும் சொல்லிவிட்டானாம். இரண்டு பாதியிலும் அவன் கண்ணுக்குத் தெரியும்படி, இறுதி ஆட்டத்தன்று கோச் பக்கத்தில் பெஞ்சில் உட்காரப் போவது நான்தான். வாயைத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை.

ஆகவே தம்பி, மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். பிள்ளை தலையைத் திருப்பிக் கேலரியைப் பார்த்தது உண்மைதான், டாக்டர் கண் நல்ல கண். கைதட்டலுக்காக இல்லை என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் அதைப் பலவீனப் பத்தியில் போடாதீர்கள். பலம் பத்தியில்தான் நிறைய இடம் காலியாக இருக்கிறதே, அங்கே போடுங்கள்.